வலமாகத் திறக்கும் கூஜா

பயம் வந்தால் சிலருக்குக் கால் ஓடும். எனக்கு வாய் ஓடும். கால் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, வாய் மட்டும் ஒரு பர்லாங் முன்னால் போய் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டு, வந்து மீட்டுப் போ என்று என்னைக் கூப்பிடும். இன்றைக்கு மேடையில் என்னைக் காட்டி, "நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு ரூபம் கொடுத்தவர்" என்று நாலு பேர் சொல்கிறார்களே, அந்தக் கீர்த்தி முழுவதும் அப்படி வாய் ஓடின ஒரு காலை வேளையில் சம்பாதித்ததுதான்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது இந்தத் தொழிலுக்குப் பெயர்கூடக் கிடையாது. ராயப்பேட்டையில் ஒரு பித்தளைப் பாத்திரப் பட்டறையில் என்னைப் "படம் போடறவர்" என்பார்கள். செய்யப்போகிற சாமானை முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து, கழுத்து இத்தனை அங்குலம், வயிறு இத்தனை அங்குலம் என்று எழுதித் தரவேண்டும். அதற்கு முன்னால் நான் சோப்பு டப்பாக்களுக்கு ரோஜாப்பூ வரைந்துகொண்டிருந்தேன். ரோஜாப்பூவில் அங்குலம் தப்பினால் கேட்பாரில்லை. என் அத்திம்பேர்தான் முதலாளியிடம், "இவன் எதை வேணும்னாலும் வரைவான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். அவருக்கு என்ன, அவர் ஆத்துப் பந்தியிலிருந்து ஒரு இலை குறைந்தால் சரி.

முதலாளி முன்னாள் வக்கீல். எதிர்க்கட்சி பேசி முடிக்கிறவரை காத்திருக்கப் பொறுமை இல்லாததால் கோர்ட்டை விட்டுவிட்டுப் பித்தளைக்கு வந்தவர். தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டியிருந்தார். சுற்றிலும் அப்போது தவளைகள்தான் அண்டை வீட்டார். என்னைச் சேர்த்துக்கொண்ட அன்றே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் பார்க்கறேன் ஓய். தேறினா நிரந்தரம். தேறலேன்னா ரோஜாப்பூ."

முதல் மாதம் நான் தேறவில்லை. நான் வரைந்த பால் செம்பின் பிடிக்குள் விரல் நுழையவில்லை. நான் வரைந்த எச்சில் படிக்கம் அளவுக்கு மீறி அழகாக அமைந்துபோய், அடையாறில் ஒரு வீட்டில் அதில் தாமரைப்பூ போட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார்கள். முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது மாதம் கூஜா வந்தது.

கூஜா உங்களுக்குத் தெரியும். ரயிலுக்குப் போகிறவர்கள் தண்ணீரும் காப்பியும் எடுத்துப்போகிற, கழுத்தில் புரி வைத்துத் திருகி மூடுகிற பாத்திரம். அப்போது ஜப்பானிலிருந்து ஒரு தினுசு வந்து கடைகளில் பிய்த்துக்கொண்டு போனது. முதலாளி இரண்டு வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். "ஒண்ணை என்ன வேணும்னாலும் பண்ணிக்கும். இன்னொண்ணு என் அலமாரிலே இருக்கும். எனக்கு இதைவிடச் சுத்தமா மூடற கூஜா வேணும். பொண்ணு கல்யாணத்திலே சம்பந்தி ஜாகைக்கு முதல் நாள் காப்பி நம்ம கூஜாலேதான் போகணும். பன்னிரண்டு போதும்."

வயிறு வரைந்தேன், கழுத்து வரைந்தேன், கைப்பிடி வரைந்தேன். புரியில் வந்து நின்றுவிட்டேன். கழுத்தைச் சுற்றிப் பாம்பு மாதிரி ஏறிப்போகிற அந்தக் கோடு, மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு மாதிரியும் மாட்டிப் பார்த்தால் ஒரு மாதிரியும் இருப்பதாக எனக்குத் தோன்றியது. கடைசியில் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். மூடியை ரம்பத்தால் இரண்டாகப் பிளந்து, உள்ளே புரி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை அப்படியே பார்த்துக் கழுத்தின் வெளிப்பக்கத்தில் வரைந்துவிட்டேன். சட்டையின் உட்புறத்தைப் பார்த்து வெளிப்புறத்தைத் தைத்த கதை. இடது வலமாகும், வலது இடமாகும். இது எனக்கு இப்போது தெரியும்.

படத்தைக் கடைசல் பாயிடம் கொடுத்தேன். எங்கள் பட்டறையில் கடைசல் இயந்திரம் அவர் கையில்தான். சுற்றுகிற பித்தளை மேல் உளியை வைத்து மயிரிழை பிசகாமல் புரி வெட்டுவார். தாத்தா காலத்திலிருந்து ராயப்பேட்டைக்காரர். படத்தை ஒரு தடவை பார்த்தார். திருப்பிப் பார்த்தார். காகிதத்தின் முதுகையும் பார்த்தார்.

"சார், இது இப்டியே வெட்டணுமா?"

"படத்தில் எப்படி இருக்கோ அப்படி."

"நல்லா பாத்து சொல்லு சார். புரி இந்தாண்ட சாஞ்சிக்கினு கீது."

புரி எந்தாண்ட சாய வேண்டும் என்று எனக்கே தெரியாது என்பதை அவருக்குத் தெரியப்படுத்தக் கூடாது அல்லவா? "பாய், படம் போடறது நான், வெட்டறது நீங்க" என்றேன். அவர் மூன்றாம் தடவையும் கேட்டார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டும் வெட்டிக் கொடுத்தார். மூடியும் கழுத்தும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தின. எனக்கு ஒரே பெருமை. கழற்றி வைத்தே ஈயம் பூசினார்கள், கழற்றி வைத்தே கல்யாணத்துக்கு மயிலாப்பூர் அனுப்பினார்கள்.

கல்யாணத்தன்று விடிகாலை, சமையல் கட்டில் காப்பி நிரப்பினார்கள். மூடின தவசிப்பிள்ளை கடைசிக் கூஜாவை என்னிடம் நீட்டி, "அண்ணா, இது கொஞ்சம் கோணல் புத்திக் கூஜாவா இருக்கே" என்றான். கலைப்பொருளைச் சமையல்காரன் எப்படி அறிவான் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு ஆட்களோடு அடுத்த தெருவில் இருந்த சம்பந்தி ஜாகைக்கு எடுத்துப்போனேன். முதலாளி பின்னாலேயே பஞ்சகச்சம் தடுக்கத் தடுக்க வந்தார்.

ஜாகையில் நாற்பது பேர் பல் தேய்த்துவிட்டுத் தம்ளரும் டவராவுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் பெரியப்பா. ரிடையர்டு ஜட்ஜ். அவர் உட்கார்ந்தால் எந்தத் தாழ்வாரமும் கோர்ட்டாகிவிடும். முதல் கூஜாவை அவரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகினார். திறக்கவில்லை. இன்னும் அழுத்தித் திருகினார். பக்கத்திலிருந்த மைத்துனரிடம் தள்ளினார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

"சூட்டிலே இறுகிண்டிருக்கும். துண்டைப் போட்டுத் திருகு."

"போட்டுண்டுதான் திருகறேன்."

"முழங்காலுக்கு நடுவிலே இடுக்கிக்கோ."

பன்னிரண்டு கூஜாவும் பன்னிரண்டு பேர் முழங்காலுக்கு நடுவில் போயிற்று. கச்சேரி மேடையில் பன்னிரண்டு கடம் வித்துவான்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, சத்தம்தான் வரவில்லை. திருகத் திருக மூடி இறுகியது. இதைவிடச் சுத்தமாக மூடுகிற கூஜா வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். கிடைத்துவிட்டது. காப்பி வாசனைகூட வெளியே வரவில்லை.

"பொண்ணாத்துக்காரா காப்பி கொடுக்கற விதம் நன்னாயிருக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு மாமி குரல் வந்தது. "தூரத்திலேர்ந்து பார்த்துக்கோங்கோன்னு கொடுத்தனுப்பியிருக்கா."

அந்த நிமிஷத்தில்தான் நான் அவர்கள் கைகளைப் பார்த்தேன். பன்னிரண்டு கையும் ஒரே பக்கமாக, இடப்பக்கமாக, உலகத்தில் எல்லாத் திருகுமூடியும் திறக்கிற பக்கமாகத் திருகின. பாய் மூன்று தரம் கேட்டது காதில் கேட்டது. என் உடம்பில் இருந்த ரத்தம் முழுவதும் ஒரு முடிவுக்கு வந்து, கட்டை விரலில் போய்க் கூடிக்கொண்டது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரே ஒரு ரோஜாப்பூ இருந்தது.

நான் ஜட்ஜின் கூஜாவை வாங்கி, எதிர்ப்பக்கமாக ஒரு முறுக்கு முறுக்கினேன். இரண்டு பேர் பலத்தில் இறுகியிருந்ததால் கொஞ்சம் முனகிவிட்டுத் திறந்துகொண்டது. ஆவி வந்தது.

"ஏன் ஓய்," என்றார் ஜட்ஜ், "இது ஏன் தலைகீழாத் திறக்கறது?"

கால் நின்றது. வாய் கிளம்பிவிட்டது.

"தலைகீழ் இல்லை சார். இது வலமாகத் திறக்கும் கூஜா. ஜப்பான்காரன் கூஜாவை நாம் அப்பிரதட்சிணமாகத் திருகித் திறக்கிறோம். மங்கள காரியத்தில், முதல் பதார்த்தம் இலையில் விழும் முன்னாலேயே, அப்பிரதட்சிணம். இது அப்படி இல்லை. கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகத் திருகினால்தான் திறக்கும்."

சொல்லி முடித்தபோது நானே அசந்துபோனேன். யார் பேசுகிறார்கள் என்று சுற்றிப் பார்க்கத் தோன்றியது. ஆனால் மாப்பிள்ளை வீட்டு சாஸ்திரிகள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்ட ஆரம்பித்திருந்தார்.

"வாஸ்தவம்" என்றார் அவர். "இடமாச் சுத்தறது பித்ரு காரியத்துக்குத்தான். இத்தனை வருஷமாக் கல்யாணத்திலே காப்பி குடிக்கறச்சேயெல்லாம் நாம தெவசம் பண்ணிண்டிருந்திருக்கோம்."

நாற்பது பேரும் ஒரு நிமிஷம் தங்கள் பழைய பாவங்களை நினைத்துக்கொண்டார்கள். பிறகு பன்னிரண்டு கூஜாவையும் வலமாகத் திருகினார்கள். காப்பி கொட்டியது. முதலாளி என் தோள்மேல் கையைப் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "நான்தான் இவர்ட்ட சொன்னேன், சாஸ்திரோக்தமா ஒண்ணு பண்ணும்னு" என்றார். நான் நிரந்தரமாகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஜட்ஜ் இரண்டாவது தம்ளரை முடித்தார். வாயைத் துடைத்தார்.

"சரி. மூடறச்சே?"

கழற்றி வைத்திருந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வலமாத் திருகினாத் திறக்கறது. ரொம்ப சந்தோஷம். அப்போ மூடறதுக்கு இடமாத்தானே திருகியாகணும்? அப்போ காப்பியை நிரப்பி மூடறபோதே அப்பிரதட்சிணம் ஆயிடுத்தே. இன்னிக்குக் காலமே உங்காத்திலே மூடியிருக்காளே, அது எந்தப் பக்கம்?"

சாஸ்திரிகள் மெல்லக் கண்ணைத் திறந்து தம்ளரைக் கீழே வைத்தார். மாமிகள் கதவோரம் வந்து நின்றார்கள். மங்களமில்லாமல் மூடின காப்பியை மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது மெதுமெதுவாக எல்லோருக்கும் புரிந்தது.

ஜட்ஜ் கேஸைத் தள்ளிப்போட்டார். "சாயங்காலம் நலங்குக்கு முன்னாடி பதில் வரட்டும்."

வாசலுக்கு வந்ததும் முதலாளி, தோள்மேல் போட்டிருந்த கையை எடுத்துக்கொண்டார். "பதிலோட வாரும். இல்லேன்னா வராதேயும். நாளைக்கும் வராதேயும்."

முகூர்த்தம், ஊஞ்சல், சாப்பாடு ஒன்றும் நான் பார்க்கவில்லை. ஒரு ஜட்காவைப் பிடித்து ராயப்பேட்டைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் மயிலாப்பூர் ஜனங்கள் குளத்தையும் கோயிலையும் சுற்றி வலமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தராவது இடமாகப் போனால் ஏன் என்று கேட்டு ஒரு வாதம் கற்றுக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒருத்தரும் போகவில்லை.

கடைசல் பாய் இயந்திரத்தில் ஒரு தவலையை மாட்டிக் கடைந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார், கண்ணாலத்துக்குப் போன ஆளு மூஞ்சிய இப்டித் தொங்கப் போட்டுக்கினு வர?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"நான் அப்பவே கேட்டேனா இல்லியா? மூணு தபா கேட்டேன். நீ இன்னா பண்ண? கண்ணாடியத் தொடச்ச."

"தப்புதான் பாய். இப்போ மூடுகிறதுக்கும் வலம் வரணும். திறக்கிறதுக்கும் வலம். ஒரே மூடி. நடக்குமா?"

"மூடி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்தினா அது மூடி இல்ல சார், பம்பரம்."

"அப்போ ரோஜாப்பூதான்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சுற்றுகிற தவலையையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உளியைப் பிடித்திருந்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தினார்.

"சார், இங்க இன்னா சுத்துது? உளியா?"

"இல்லை, தவலை."

"உளி சும்மா நிக்குது. பாத்திரம் சுத்துது. புரி விழுது. உன் ஜட்ஜாண்ட போயி சொல்லு. தொறக்கறதுக்கு மூடியச் சுத்து. மூடறதுக்கு மூடியச் சும்மா புடிச்சிக்கோ, கூஜாவச் சுத்து. ரெண்டும் வலப்பக்கம்தான் வரும்."

ஜாகையிலிருந்து கையோடு கொண்டுபோயிருந்த காலிக் கூஜாவை எடுத்துச் செய்து பார்த்தேன். மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு கூஜாவை வலமாகத் திருகினேன். மூடிக்கொண்டது. கூஜாவைப் பிடித்துக்கொண்டு மூடியை வலமாகத் திருகினேன். திறந்துகொண்டது. நாலு தரம் செய்தேன். பாயின் காலில் விழலாமா என்று யோசித்தேன். அவர் அதற்குள் மறுபடியும் தவலையைக் கடைய ஆரம்பித்துவிட்டார்.

நலங்குக்கு முன்னால் ஜாகையில் எனக்கு ஒரு ஜமுக்காளம் விரித்தார்கள். காப்பி நிரம்பிய கூஜாவை நடுவில் வைத்தார்கள். நான் பாயின் வாதத்தை மயிலாப்பூருக்குத் தகுந்தபடி உடுத்திச் சொன்னேன்: திறக்கும்போது மூடி பாத்திரத்தை வலம் வருகிறது, மூடும்போது பாத்திரமே வலமாகச் சுற்றி மூடிக்குள் போகிறது. நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றி ஆத்மப் பிரதட்சிணம் பண்ணுவதில்லையா, அந்த மாதிரி.

"ஆத்மப் பிரதட்சிணம்" என்று சாஸ்திரிகள் முணுமுணுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாதி ஜெயித்துவிட்டேன்.

"செஞ்சு காட்டும்" என்றார் ஜட்ஜ்.

இடது கையால் மூடியைப் பிடித்தேன். வலது கையால், வாய்மட்டும் காப்பியோடிருந்த கூஜாவைத் தூக்கித் திருகினேன். மத்தியானம் காலிக் கூஜாவில்தான் பழகியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புரி பிடிக்கும் முன்னால் கூஜா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாதிக் காப்பி ஜட்ஜின் ஜரிகை அங்கவஸ்திரத்துக்கும் மீதியில் முக்கால்வாசி அவர் மடிக்கும் போயிற்று. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேஸ் போய்விடும். மிச்சமிருந்த ஒரு வாய்க் காப்பியைப் பத்திரமாக மூடி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மடியைப் பார்த்தார். கூஜாவைப் பார்த்தார்.

"முறை சரி" என்றார். "கைதான் சரியில்லை."

அந்தத் தீர்ப்பு அன்று ராத்திரிக்குள் வடக்கு மாட வீதியைத் தாண்டியது. ஒரு மாதத்தில் வலமாகத் திறக்கும் கூஜா இல்லாமல் மயிலாப்பூரில் சீர் வைக்க முடியாது என்றாயிற்று. எழும்பூர் ஸ்டேஷனில் போட்மெயிலுக்குக் காத்திருக்கிற குடும்பங்களை நானே போய்ப் பார்த்தேன். அப்பா மூடியை ஆகாசத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பார், அம்மா குனிந்து கூஜாவைச் சுற்றுவாள், குழந்தைகள் கொட்டுகிற தண்ணீருக்கு விலகி நிற்கும். தியாகராய நகர்ப் பூங்காவில் ஒரு தம்பதி, மணிக்கட்டு பிடித்துக்கொண்டதால், மூடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, கூஜாவோடு மற்றவர் அவரைச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் மணிக்கட்டு வலி வந்தது. அதற்கும் ஏதோ தைலம் இருந்தது. மற்றப் பட்டறைக்காரர்கள் எங்களைக் காப்பியடித்துப் புரியைத் திருப்பி வெட்டினார்கள். நான் தப்பாகப் பார்த்த ஒரு பாதி மூடி ஒரு நகரத்தின் கையைத் திருப்பிவிட்டது.

மூன்றாவது மாதக் கடைசியில் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் அலமாரியிலிருந்த ஜப்பான் கூஜா இருந்தது.

"உக்காரும்" என்றார். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. பயந்துபோனேன்.

அவர் ஜப்பான் கூஜாவின் மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு கூஜாவை வலமாகத் திருகினார். திறந்தது. பிறகு கூஜாவைப் பிடித்துக்கொண்டு மூடியை வலமாகத் திருகினார். மூடியது.

"இதுவும் ரெண்டு பக்கமும் வலமாத்தானே இருக்கு ஓய்?"

இருந்தது. உலகத்தில் எந்தக் கூஜாவும் அப்படித்தான் இருக்கும். திருகுகிற கையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால், ஜப்பான்காரனும் சாஸ்திரோக்தம்தான். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. என் வாய்கூட ஓடவில்லை. ஓடுவதற்கு இடமில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"கடைசல் பாய்க்குத் தெரிந்திருக்கும்."

"ஜட்ஜுக்கு?"

"தெரியாது என்று நினைக்கிறேன்."

முதலாளி நீண்ட நேரம் தன் விரல் மோதிரத்தைச் சுற்றினார். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு காகிதத்தை எடுத்து, நானும் பாயும் ஆயுசுக்கும் அந்தப் பட்டறையில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே விடமுடியாதவன் என்பதால் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. திறமைக்காக வேலை கிடைத்தவர்கள் வயிற்றெரிச்சல் படவேண்டாம்.

"இதைக் கொண்டுபோய் அடையாத்துத் தண்ணிலே போட்டுடும்" என்று ஜப்பான் கூஜாவை என் கையில் கொடுத்தார். "கடையிலே இருக்கறதை நான் பார்த்துக்கறேன். நம்மாத்திலே இருக்கப்படாது."

அன்று சாயங்காலமே வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு அடையாற்றங்கரைக்குப் போனேன். யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஆற்றின் நடுவில் வீசினேன். அது முங்கியது. பிறகு வெளியே வந்தது. காலிக் கூஜா, மூடி இறுக்கமாக மூடியிருக்கிறது, எப்படி மூழ்கும்? வெயிலில் பளபளவென்று தலையை ஆட்டிக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்துப் போக ஆரம்பித்தது. நான் கரையோடு கூடவே ஓடினேன். கல்லால் அடித்தேன். ஒன்றும் படவில்லை. ஆயுசு உத்தியோகம் தண்ணீரில் மிதந்து போகிறது, ஊரில் யார் கண்ணிலும் படலாம்.

திருப்பத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் அதை எட்டி எடுத்தார். மூச்சு வாங்க நான் போய் நின்றேன்.

"உன்னுதா சார்?"

"இல்லை" என்றேன்.

"அப்போ இன்னாத்துக்கு ஓடியாந்த?"

"வைத்தியர் ஓடச் சொல்லியிருக்கார்."

அவர் மூடியை இடப்பக்கமாக ஒரு திருகு திருகினார். திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வலப்பக்கமாகத் திருகி மூடினார். இரண்டு கையும் ஈரம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"நல்ல சாமான் சார்" என்றார். "மயிலாப்பூராண்ட இப்ப ஒண்ணு விக்கறானுங்க, பேஜார். என் சம்சாரம் வேலை செய்ற ஊட்ல அத்த மூட ரெண்டு ஆளு வேணும். அத்த எவன் செஞ்சானோ, அவன் என் கையில மாட்டினா கேக்கணும்."

நான் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வைத்தியர் சொன்னபடி மறுபடியும் ஓட ஆரம்பித்தேன்.